நம்பர் ஒன்னின் மோதிர விரல்

ஓசூரில் அந்த நாளில் முதுகு என்று ஒன்றை வைத்திருந்த எவரும் கீப்பரிடமிருந்து தப்பியதில்லை. தாசில்தாரிலிருந்து தயிர்க்காரர் வரை எல்லோருக்கும் பின்னால் அவர் ஒரு தடவையாவது குந்தி உட்கார்ந்திருக்கிறார். இது மிகை என்று தோன்றினால் நான் என்ன செய்வது? நீங்கள் ஐம்பதுகளில் எங்கள் பஸ் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தானும் சுற்றுமுற்றும் பார்ப்பார். ‘கீப்பர்!’ என்றால் அரை நொடியில் முழங்கால் மடங்கி, இரண்டு கைகளும் விரிந்து, எதையாவது பிடிக்கத் தயாராகிவிடுவார். தொழில் அப்படி. விக்கெட் கீப்பர். அதுவும் சம்பளத்துக்கு ஆடுகிற விக்கெட் கீப்பர்.

இப்போது கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கார் வாங்குகிறார்கள், விளம்பரத்தில் வந்து சவரம் செய்துகொள்கிறார்கள். அப்போது அப்படியில்லை. ஆட்டம் தெரிந்த ஆளை ஒரு மில்லோ கம்பெனியோ பெயருக்கு ஒரு வேலை கொடுத்து வைத்துக்கொள்ளும். மேட்ச் இருந்தால் ஆட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கான வேலையைப் பெயருக்குப் பார்க்க வேண்டும். எங்கள் கம்பெனியில் கீப்பருக்குக் கொடுத்த வேலை, பஸ்ஸில் ஏறி டிக்கெட் பார்க்கும் செக்கர் வேலை.

நாலைந்து பஸ் வைத்திருக்கும் முதலாளிக்குக் கிரிக்கெட் எதற்கு என்று கேட்பீர்கள். முதலாளிக்கு ஒரு மைத்துனர் இருந்தார். பெங்களூரில் மில் வைத்திருந்தார். மில்லுக்கு ஒரு கிரிக்கெட் டீம் இருந்தது. வருஷம் ஒரு தடவை அந்த டீம் ஓசூருக்கு வந்து எங்கள் டிரைவர், கண்டக்டர், கிளீனர்களோடு ஆடி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எங்களை முடித்துவிடும். சாப்பாட்டுப் பந்தியில் மைத்துனர், “மாமா, ஒங்க ஆளுங்க பஸ்ஸே ஓட்டட்டும்” என்பார். முதலாளிக்கு அந்த ஒரு வாக்கியம் வருஷம் பூராவும் நெஞ்சைக் கரிக்கும். ஒரு தடவை கரிப்பு தாங்காமல் பெங்களூர் போனவர், திரும்பி வரும்போது கீப்பரைப் பக்கத்து ஸீட்டில் உட்கார வைத்து அழைத்து வந்தார்.

உட்கார வைத்து என்று எழுதிவிட்டேன். தப்பு. கீப்பர் ஸீட்டில் உட்காரமாட்டார். அத்திப்பள்ளியிலேயே எழுந்து கடைசி ஸீட்டுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாராம்.

நான் அப்போது புக்கிங் கிளார்க். ஷெட்டுக்கு மேலே இருந்த அறையில் தனியாகத் தங்கியிருந்தேன். முதலாளி கீப்பரையும் அந்த அறையில் கொண்டுவந்து விட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மட்டை, கால் பேடுகள், ஒரு ஜதை கையுறை. அவருடைய சொத்தும் சுற்றமும் அதோடு சரி. ஊரில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“எந்த ஊர்ல தம்பி?” என்று அவர் திருப்பிக் கேட்டார். உண்மையாகவே சந்தேகம்.

செக்கர் வேலையைக் கீப்பர் தன் வழியில் பார்த்தார். பஸ் ஓசூரை விட்டதும் கடைசி ஸீட்டுக்குப் பின்னால் குந்தி, பயணிகளின் பிடரிகளை வரிசையாகப் பார்ப்பார். டிக்கெட் வாங்காதவன் பிடரி தனியாகத் தெரியும் என்பது அவர் சித்தாந்தம். “பேட்ஸ்மேன் பந்தைத் தொட்டுட்டுத் தொடாத மாதிரி நிக்கறான் பாரு, அப்ப கழுத்து வெறைக்கும். இங்கயும் அதேதான் தம்பி” என்பார். விறைத்த கழுத்து கண்ணில் பட்டதும் துள்ளி எழுந்து, இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கி, பஸ் கூரை அதிர, “ஹவ்ஸ் தட்!” என்று கத்துவார். டிரைவர் மாதையன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், மற்றொரு கையின் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். பஸ் நிற்கும்.

“இவரு கத்தனா, அவரு வெரலு காட்டனா நான் எறங்கிடணுமா? என்னா நாயம் இது?” என்று சூளகிரிக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

“அம்பயர் சொல்லியாச்சுண்ணா. எறங்கிக்கங்க” என்றார் கண்டக்டர், துக்க வீட்டில் பேசும் குரலில்.

ஒரு நாள் கெலமங்கலம் சந்தையிலிருந்து வரும் பஸ்ஸில் யாரோ கட்டி வைத்திருந்த சேவல் கட்டவிழ்ந்து, ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்தது. கீப்பர் இடது பக்கம் முழு நீளத்துக்கு விழுந்து, ஒற்றைக் கையால் அதன் காலைப் பிடித்துவிட்டார். பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே. அந்த நிலையிலும் அப்பீல் கேட்டார். மாதையனும் விரலைத் தூக்கினார். சேவல்காரர் பயந்துபோய், சேவலுக்கும் டிக்கெட் வாங்கிவிடுகிறேன் என்று கெஞ்சினார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. ஆனால் அறைக்கு வந்தபின் கீப்பர் வேறு ஆள். பேச்சு இருக்காது. மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் போய்ச் சாப்பிடுவார். விடிந்ததும் ஷெட்டின் பின்சுவருக்குப் போய், பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது பிடிப்பார். டொப்பு, டொப்பு என்று அதுதான் எனக்கு அலாரம். கூடவே அவர் குரலும் கேட்கும். “சபாஷ் குரு! இன்னொண்ணு அதே மாதிரி! அடிக்கப் பாக்கறான், வுடாத!” பந்து போட ஆள் இல்லை. அடிக்கவும் ஆள் இல்லை. இல்லாத இருவரோடு ஒரு மணி நேரம் அப்படிப் பேசிக்கொண்டிருப்பார்.

மனசு கேட்காமல் ஒரு நாள் நான் இறங்கிப் போய்ப் பந்து போட்டேன். நாலு பந்துக்குப் பிறகு கீப்பர் சங்கடமாக நெளிந்தார்.

“தம்பி, கோச்சுக்காத. நீ போடறப்ப எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது.”

நான் மேலே வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பேச்சு ஆரம்பித்தது. தனியாக இருந்து பழகிய மனிதரிடம் போய்த் துணைக்கு இருக்கிறேன் என்று நிற்பதும் ஒரு வகைத் தொந்தரவுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து விரல்களும் பத்துத் திசையைப் பார்க்கும். அவரிடம் வழி கேட்டு, அவர் கை காட்டிய பக்கம் போனவர்கள் ஒரே ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒவ்வொரு விரலும் பல தடவை பிசகி, ஒவ்வொரு தடவையும் அவரே இழுத்து உட்கார வைத்தது. இந்த வித்தை எங்கள் ஷெட்டுக்கு மிகவும் பயன்பட்டது. அந்த நாள் பஸ்ஸை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஹேண்டில் திருப்பி அடித்தால் கிளீனர் கை பிசகிவிடும். கீப்பர் வந்து குந்தி, “காலைல என்னா சாப்ட்ட?” என்பார். “களி…” என்று அவன் ஆரம்பிப்பதற்குள் ஒரு இழுப்பு. சொடக். வேலை முடிந்துவிடும். எங்கள் கிளீனர்களுக்கெல்லாம் கீப்பர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாலே வியர்த்துவிடும்.

கையுறை விஷயம் இன்னும் மோசம். அந்த நாள் கையுறையில் பஞ்சு அதிகம் இருக்காது. வேகப்பந்து உள்ளங்கையைப் பழுக்க வைத்துவிடும். அதற்குப் பழைய கீப்பர்களின் வழக்கம், கையுறைக்குள் பச்சை இறைச்சித் துண்டை வைத்துக்கொள்வது. மேட்ச் அன்று காலையில் கீப்பர் கறிக்கடைக்குப் போய், “ஆடற கறி குடுப்பா” என்பார். உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டு. வெயில் ஏறினதும் வாசனையும் ஏறும். பஸ் ஸ்டாண்டு நாய்கள் மொத்தமும் ஏரிக்கரை மைதானத்துக்கு வந்து, ஸ்டம்புக்குப் பின்னால் அரைவட்டமாக உட்கார்ந்துகொள்ளும். கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நிற்கிற எங்கள் கண்டக்டருக்கு ஆட்டம் முழுக்கப் பின்பக்கம்தான் கவலை. மேட்ச் முடிந்ததும் கீப்பர் கறியைப் பிய்த்து நாய்களுக்குப் போட்டுவிட்டு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் கிடையாது. நான் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தேன். காலி மைதானத்தின் நடுவில் கீப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாய்கள்.

“என்னாண்ணா, மேட்ச்சா?”

“இல்ல தம்பி. ச்சும்மா கறி வாங்கனேன்” என்றார். “கறி இல்லன்னா இதுங்க வரமாட்டேங்குதுங்க.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நானும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இனி, நம்பர் ஒன். கீப்பர் பெங்களூரில் மாநில அணியில் இருந்தவர் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மாநில அணியின் கீப்பர் வேறொருவர். அவரைக் கீப்பர் ‘நம்பர் ஒன்’ என்பார். நம்மவர் ரிசர்வ். நம்பர் ஒன்னுக்கு ஏதாவது ஆனால்தான் இவர் ஆட முடியும். நம்பர் ஒன்னுக்கோ எதுவும் ஆகாது. சளி பிடிக்காது, சுளுக்கு வராது, ரயிலைத் தவறவிடமாட்டார். ஊரே விஷக்காய்ச்சலில் படுத்த வருஷம்கூட அவர் மட்டும் காலையில் நாலு மைல் ஓடிவிட்டு வந்து முட்டை குடித்தாராம். வருஷக்கணக்காக நம் கீப்பர் பேடு கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். துண்டு எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு பந்தைக்கூட மாநிலத்துக்காகப் பிடித்ததில்லை. இப்போதும் மேட்ச் வந்தால் ரிசர்வாகக் கூப்பிடுவார்கள். லீவு போட்டுவிட்டுப் போவார். உட்கார்ந்துவிட்டு வருவார்.

“ஒரு தடவ தம்பி. ஒரே ஒரு மேட்ச். ஸ்டம்புக்குப் பின்னால நானு குந்தணும். அப்புறம் கையி வெட்டிக்கினு போனாலும் பரவால்ல” என்று ஒரு நாள் சொன்னார். தனக்கென்று அவர் கேட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், மாதம் ஒரு முறை அவர் மலைக்கோயிலுக்கு ஏறிப் போய் அர்ச்சனை செய்வார். தன் பேருக்கு இல்லை. நம்பர் ஒன்னின் பேருக்கும் நட்சத்திரத்துக்கும்! அவர் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று.

“ஏண்ணா, நீங்களே இப்படிக் காப்பாத்திக்கினு இருந்தா அவருக்கு எப்படி ஒடம்பு கெடும்?” என்று கேட்டேன்.

“எம் மனசு கெட்டது தம்பி. அவன் பந்து எடுக்கக் குனியறப்பல்லாம் ‘இடுப்பு புடிச்சுக்க, இடுப்பு புடிச்சுக்க’ன்னுது. அதுக்கு எதுனா பரிகாரம் பண்ண வேணாமா?”

இந்த நம்பர் ஒன்னை எங்கள் முதலாளியின் மைத்துனர் தன் மில் டீமில் வேலைக்கு வைத்திருந்தார். அதனால் வருஷ மேட்ச்சுக்கு அவரும் ஓசூருக்கு வருவார்.

நான் சொல்லப்போகிற வருஷம் கீப்பர் எங்கள் ஆட்களைப் பழக்கிய விதத்தைத் தனிப் புத்தகமாகப் போடலாம். பாயிண்ட், கவர், மிட் ஆன் என்ற இங்கிலீஷ் பெயர்கள் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. கீப்பர் யோசித்து, மைதானத்தையே எங்கள் பஸ் ரூட்டாக மாற்றிவிட்டார். ஸ்டம்பு ஓசூர். வலது பக்கம் கிட்டத்தில் பாகலூர். நேர் எதிரே எல்லைக்கோடு கிருஷ்ணகிரி, அதற்குப் பாதியில் சூளகிரி. இடது கோடியில் கெலமங்கலம். “முனியப்பா, சூளகிரிலருந்து கொஞ்சம் கிருஷ்ணகிரி பக்கம் போ!” என்றால் கிளீனர் முனியப்பன் கச்சிதமாகப் போய் நிற்பான். ஒரே சிக்கல், கெலமங்கலத்துக்கு அனுப்பினவன் உட்கார்ந்துவிடுவான். வண்டி அங்கே டிபனுக்கு நிற்கும், பழக்க தோஷம்.

கீப்பரின் பேட்டிங்கையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் ஆடுவார். ஆனால் ஒரு பந்து தப்பிப் பின்னால் போனால், எதிர் டீம் கீப்பர் அதை எப்படிப் பிடித்தார் என்று பார்க்கத் திரும்பிவிடுவார். “நல்லா எடுத்தீங்க” என்று பாராட்டிக்கொண்டே கோட்டை விட்டு ஒரு எட்டு நகருவார். அந்த நல்ல மனிதர் ஸ்டம்பைத் தட்டிவிடுவார். கீப்பர் அவுட் ஆவதெல்லாம் பெரும்பாலும் இப்படிப் பாராட்டப் போய்த்தான்.

மேட்ச் நாள் வந்தது. அடுத்த சனிக்கிழமை பெங்களூரில் மாநில அணிக்குப் பெரிய ஆட்டம். வழக்கம்போல நம்பர் ஒன் கீப்பர், நம்மவர் ரிசர்வ் என்று முடிவாகியிருந்தது. ஏரிக்கரையில் தென்னை நார்ப் பாய் விரித்துப் பிட்ச் தயாராக இருந்தது. கறி வைத்தாயிற்று. நாய்களும் வந்தாயிற்று. எங்கள் தரப்பு அம்பயர் மாதையன். முதலாளி, “அவனுக்குத்தான் அனுபவம் இருக்குது” என்று சொல்லிவிட்டார். அந்த அனுபவம் ஒரு பந்துகூட விழுவதற்கு முன்பே வேலை செய்தது. கீப்பர் கறி வாசனையில் ஒரு தும்மல் போட்டார். மாதையன் விரல் மேலே போய்விட்டது. கீப்பரே ஓடிப்போய், “எறக்குப்பா, எறக்குப்பா! அவுட்டில்ல” என்று விரலை மடக்கிவிட்டு வந்தார்.

ஆனால் அன்று எங்கள் ஆட்கள் ஆடினார்கள் பாருங்கள்! முதலில் நாங்கள் அடித்து, கௌரவமான ஒரு எண்ணிக்கை சேர்த்துவிட்டோம். யாரையும் பாராட்ட வேண்டி வராததால் கீப்பர் மட்டும் முப்பதுக்கு மேல் எடுத்தார். பிறகு மில் டீம் ஆட வந்தது. பாகலூரிலும் சூளகிரியிலும் கேட்ச் பிடித்தோம். மைத்துனர் முகம் வாட வாட எங்கள் முதலாளி முகத்தில் சோடா பொங்கியது. நம்பர் ஒன் மட்டும்தான் அசையாமல் நின்றார். அவரை எடுத்துவிட்டால் ஆட்டம் எங்களுடையது.

முனியப்பன் பந்து போட்டான். அவன் பந்து எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் பந்து நார்ப் பாயின் மடிப்பில் பட்டு, எகிறி, மட்டையைப் பிடித்திருந்த நம்பர் ஒன்னின் வலது கையில் போய் இடித்தது. மட்டை ஒரு பக்கம் விழுந்தது. “அய்யோ!” என்று அவர் போட்ட சத்தத்தில் நாய்கள் ஓடிவிட்டன. மோதிர விரல் பக்கவாட்டில் மடிந்து கிடந்தது.

மைதானம் கப்சிப். ஆனால் அந்த மௌனத்துக்குள் ஒரு சந்தோஷம் மெல்ல எழும்பியதை நான் பார்த்தேன். நம்பர் ஒன் அவுட்டாகாமலே வெளியேறினால் எங்களுக்கு ஜெயம். அது மட்டுமா? இந்த விரலோடு அவர் சனிக்கிழமை ஆட முடியாது. அப்படியானால் யார் ஆடுவார்? மாதையன் என்னைப் பார்த்தார். நான் முனியப்பனைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடவுளுக்கு எங்கள் கம்பெனி ஞாபகம் வந்திருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றிவிட்டது.

கீப்பருக்குத் தவிர.

நாங்கள் பார்வையைத் திருப்பி முடிப்பதற்குள் அவர் நம்பர் ஒன்னின் முன்னால் குந்தியிருந்தார். கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அழாத, அழாத. காலைல என்னா சாப்ட்ட?”

“இட்…”

சொடக்.

அந்தச் சத்தம் கிருஷ்ணகிரி வரைக்கும் கேட்டது. நம்பர் ஒன் விரலைப் பார்த்தார். நேராக இருந்தது. மடக்கிப் பார்த்தார். மடங்கியது. கீப்பர் தன் கைக்குட்டையைக் கிழித்து, அந்த விரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார். “ஒரு வாரம் கழட்டாத. அப்புறம் சரியாப் போயிடும்.”

“தேங்க்ஸ் ரிசர்வ்” என்றார் நம்பர் ஒன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. கெட்ட மனிதர் இல்லை. கீப்பருக்குப் பெயர் உண்டு என்பது மட்டும் அவருக்கும் தெரியாது.

கீப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு பின்னால் போய்க் குந்தினார். முனியப்பன் அடுத்த பந்தைப் போட்டான். அதற்கடுத்ததும் போட்டான். மூன்றாவது பந்து சாதாரணமாகத்தான் போனது. யாரும் தொடவில்லை. ஒரு குழந்தை பிடித்துவிடும். அது கீப்பரின் கைகளுக்கு நடுவே நுழைந்து, எல்லைக்கோடு வரைக்கும் உருண்டு போய் நாலு ஓட்டம் ஆனது. கீப்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம்பர் ஒன்னின் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பந்தை விட்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்திருக்கிறது.

நம்பர் ஒன் நின்று ஆடி மில்லை ஜெயிக்க வைத்துவிட்டார். பந்தியில் மைத்துனர் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். முதலாளி கீப்பரை ஷெட்டில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். “எங் கம்பெனில இருந்துக்கினு எதிராளிக்கு வைத்தியம் பாக்கறியா? என்னா மனுசன்யா நீ?” கீப்பர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க, ஆமாங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்கு ஆமாம் என்று முதலாளியும் கேட்கவில்லை.

சாயந்திரம் ஷெட்டின் பின்சுவரோரம் அவர் உட்கார்ந்து கையுறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“ஏண்ணா அப்படிப் பண்ணீங்க?”

“என்னா பண்ணேன்? வெரலு வெளிய வந்திருந்திச்சி. உள்ள தள்ளுனேன்.”

“ஒரு வாரம் அது அப்படியே இருந்திருந்தா நீங்க ஆடியிருப்பீங்க!”

அவர் கையுறையைத் திருப்பி உள்பக்கத்தைத் துடைத்தார்.

“தோணலியே தம்பி. அவன் கத்துனான். நானு போனேன். தோணியிருந்தா என்னா பண்ணியிருப்பனோ, எனக்கே தெரியாது. நல்ல வேள, தோணல.” பிறகு தன் பத்துத் திசை விரல்களைப் பார்த்துக்கொண்டே, “அப்புறமாத் தோணுச்சி. நாலு ரன்னு போச்சி” என்றார்.

காபி சாப்பிடப் போகலாமா என்று கேட்டேன். நீ போயிட்டு வா தம்பி என்றார்.

சனிக்கிழமை அவர் விடியற்காலை பஸ்ஸிலேயே பெங்களூர் போய்விட்டார். நான் தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மாதையன்தான் டிரைவர். என் தலைவலியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “வெயிலா இருக்கும், தலைக்குத் துண்டு எடுத்துக்கினியா?” என்றார்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். பெரிய கூட்டம். நம்பர் ஒன் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் நின்றார். பிரமாதமாக ஆடினார் போலிருக்கிறது. ஜனங்கள் அடிக்கடி எழுந்து கைதட்டினார்கள். எழுந்தவர்கள் எனக்கு மறைத்தார்கள். நான் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிடத்தின் ஓரத்தில், படிக்குப் பக்கத்தில், அவர் பேடு கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையுறைகள் மடியில். ஒவ்வொரு பந்துக்கும் அவர் உடம்பு பெஞ்சிலிருந்து ஒரு விரற்கடை எழும்பித் தணிந்தது. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. இடைவேளைகளில் தண்ணீர் கொண்டு ஓடினார். சாப்பாட்டு நேரத்தில் நம்பர் ஒன் வந்து கையை நீட்ட, கட்டைப் பிரித்து, விரலை நீவிவிட்டு, மறுபடி கட்டினார். மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார். வெயில் அவர் மேலேயே இருந்தது. கொஞ்சம் நகர்ந்தால் நிழல் இருந்தது. அவர் நகரவில்லை.

அன்றைய ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது அவர் என்னைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தில் வந்த திகைப்பை இன்றும் மறக்க முடியவில்லை.

“நீ எங்கப்பா இங்க? மேட்ச் பாக்கவா வந்த?”

“ஆமாண்ணா.”

“நானு ஆடலியே.”

“தெரியும்ணா” என்றேன்.

அவர் என் தோளில் கையை வைத்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எடுக்கவில்லை. ஓசூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வந்தார்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண்டக்டர்களும் முனியப்பனும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை ஓட்டம், யார் யார் அவுட், நாளைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று ஆளாளுக்குக் கேள்வி. எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், காலையிலிருந்து சாயந்திரம் வரை, நான் அந்தப் பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.